காளாங்கல்

செப்டம்பர் 20, சனி

இந்த நோட்டு அப்பாவுடையது. முதல் பதினோரு பக்கங்களில் நீளம், அகலம், உயரம் என்று எதையெதையோ அளந்து எழுதியிருந்தார். கிழித்துவிட்டேன். இனி இதில் நான் அளப்பேன்.

பெயர் இளவெயினி. வயது பதினாறு, பிளஸ் ஒன். பள்ளியில் என்னை 'வெயிலு' என்பார்கள். நான் இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்கு வியர்க்கும் என்பது காரணம். போன வாரம் தமிழ் ஐயாவின் சாக்பீஸ் பெட்டியில் சுண்டலுக்குப் போடும் தேங்காய்ப் பல்லை அடுக்கிவைத்தேன். ஐயா எழுதிப் பார்த்துவிட்டு, 'பல்லைக் காட்டுற' என்றார். நல்லவர், தானும் விளையாடுவார்.

அப்பா கோவேந்தன், கட்டடக் கலைஞர். மற்ற கட்டடக் கலைஞர்கள் கட்டடம் கட்டுவார்கள். இவர் வளர்க்கிறார். உத்தமபாளையத்துக்கு வெளியே பழைய திராட்சைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்கே வைக்கோலை நறுக்கி, டிரம்மில் வேகவைத்து, ஆறவைத்து, காளான் விதையைக் கலந்து, மூடி போட்ட அச்சுகளில் அமுக்கி, இருட்டறையில் வைத்துவிடுவார். பன்னிரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடி வைக்கோல் முழுவதையும் இறுக்கித் தைத்துவிடும். பிறகு வெளியே எடுத்துச் சூளையில் மிதமான சூட்டில் சுட்டால் காளான் செத்துப்போகும், கட்டி நிற்கும். தூக்கினால் பஞ்சு, ஏறி நின்றால் கல். வெயில் உள்ளே இறங்காது. வேண்டாம் என்றால் உடைத்து வயலில் போடலாம், உரம்.

அப்பா இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார். கூழாங்கல் மாதிரி இது காளாங்கல் என்றேன் நான். இப்போது அப்பாவே அப்படித்தான் சொல்கிறார்.

எங்கள் பள்ளியில் எல்கேஜி பிள்ளைகள் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். மதியம் அந்தப் பக்கம் போனால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக அப்பா ஒரு வகுப்பறை வரைந்திருக்கிறார், கரையான் புற்று மாதிரி. சுவரின் அடியில் சின்னத் துளைகள், நடுவில் உயரமாக ஒரு கோபுரம். சூடான காற்று கோபுரம் வழியாக ஏறி ஓடும், கீழ்த் துளைகளில் குளிர்ந்த காற்று நுழையும். கரையானும் புற்றுக்குள் காளான் வளர்க்குமாம். "நாம அதுகிட்ட டியூஷன் போறோம்" என்பார் அப்பா.

தாளாளர் அருமைநாதன் சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். கார்த்திகை பிறப்பதற்குள் நல்லபடியாக முந்நூறு கல் கொடுத்தால் புற்று. இல்லாவிட்டால் ஹாலோ பிளாக், மேலே மறுபடியும் தகரம்.

நான்கு வருஷத்தில் மூன்று பேர் சரி என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். இவர்தான் கடைசி. இதை அப்பா சொல்லவில்லை. அம்மா துணி மடிக்கும்போது சொன்னார்.

செப்டம்பர் 27, சனி

காலாண்டு விடுமுறை. எனக்குக் கிடங்கில் வேலை. வேலை என்றால் வைக்கோல் நறுக்குவது, அச்சு கழுவுவது, பேச்சி அக்காவைச் சிரிக்கவைப்பது.

பேச்சியம்மாளுக்குப் பெயரில்தான் பேச்சு. மூன்று வருஷமாக அப்பாவிடம் வேலை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம், ஒரே மகள் யோகஸ்ரீ எங்கள் பள்ளியில் எட்டாவது. டிரம் பக்கம் வேறு யாரையும் விடமாட்டார். நேற்று முந்நூற்று இருபது கட்டி அச்சில் ஏறியாயிற்று. எட்டுத் தட்டு, தட்டுக்கு நாற்பது.

இருட்டறைக் கதவில் அப்பா ஒட்டியிருக்கிறார்: 'கை கழுவாமல் உள்ளே வராதே.' சோப்பு, பிறகு ஸ்பிரிட், பிறகு முகமூடி. நான் அதன் கீழே இன்னொரு தாள் ஒட்டினேன்: 'சத்தம் போடாதே. முந்நூற்று இருபது பேர் உறங்குகிறார்கள்.' பேச்சி அக்கா அதைப் படித்துவிட்டு, நிஜமாகவே நுனிக்காலில் நடந்து போனார்.

"அக்கா, அது சும்மா எழுதினது."

"சும்மாவா இருக்கட்டும் பாப்பா. உசுரு தான அதுவும்."

செப்டம்பர் 29, திங்கள்

தாளாளர் வந்தார். போன முறை சுட்ட கல் ஒன்றை எடுத்து முகர்ந்தார், தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். நக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இது புள்ளைக மேல விழுந்தா?"

"விழுந்தா புள்ளை சிரிக்கும் சார். அவ்வளவு லேசு."

"எழுதிக் குடுங்க." தாளாளர் அல்லவா, எல்லாம் தாளில் வேண்டும்.

அவர் போனதும் அப்பா கிடங்கின் நடுவில் நின்று விசில் அடித்தார். நான் அப்பாவின் விசிலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை குழம்பு கேட்டார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று நான் முந்நூற்று இருபது பேருக்குப் பொட்டு வைத்தேன்! உலகச் சாதனை.

நடந்தது இது. அப்பாவுக்குப் பூஜையில் நம்பிக்கை இல்லை, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தாளாளர் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா வந்து நறுக்கும் மெஷின், டிரம், தராசு, சூளை, அரிவாள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுப் பொரிகடலையை என் கையில் கொடுத்தார். சுண்டல் தாளிக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். சந்தனக் கிண்ணம் என்னிடம். கிண்ணத்தில் பாதிச் சந்தனம். நான் என்ன செய்வேன்?

தராசுக்குப் பொட்டு உண்டு, தட்டில் படுத்து இராப்பகலாக உழைக்கிறவர்களுக்கு இல்லையா? உள்ளே போனேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து நெற்றி எது என்று பார்த்து ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஐந்தாம் நாளே வெள்ளை நூல் மேலே பனி மாதிரி படர்ந்திருந்தது. விரல் பட்ட இடம் மெத்தென்று உள்வாங்கியது. நான்காம் தட்டுக்கு மேல் கை கடுத்தது. ஆனாலும் யாரையும் விடவில்லை, நான் பாரபட்சம் பார்க்கிறவள் இல்லை. முடித்ததும் முந்நூற்று இருபது பேரும் பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள்.

இதைத் தனியாகப் பார்த்து என்ன பயன்? பேச்சி அக்கா காலையிலிருந்து வெளியே வேப்பமரத்தடியிலேயே இருந்தார். பூஜைக்குக்கூட உள்ளே வரவில்லை. கூப்பிட்டேன். "இல்ல பாப்பா, நான் இங்கிட்டே இருக்கேன்" என்றார். இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. என்னிடமா?

"அக்கா! பாம்பு! பாம்புக்கா!"

செருப்பைக்கூட உதறாமல் கையில் கம்போடு ஓடிவந்தார் பாவம். இருட்டறை வாசலைத் தாண்டி இரண்டடி வைத்த பிறகுதான் நின்றார். நான் தட்டைக் காட்டினேன். எங்கள் பேச்சி அக்கா சிரிக்கவில்லை. பொட்டுகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, என்னையப் போயி உள்ள கூப்புட்டியே பாப்பா" என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்விட்டார். கம்பு தூக்கி ஓடிவந்த வெட்கமாக இருக்கும்.

அப்பா பார்த்தால் தோலை உரிப்பார். அம்மா அரிவாள் துடைத்த துணி கிடந்தது. அந்தத் துணியாலேயே எல்லா நெற்றியையும் ஒரு வட்டம் துடைத்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டேன். தடயம் அழிந்தது. சுண்டல் அருமை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கிடங்குக்கு அப்பா மட்டும் போனார். ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் போன். அம்மா "எத்தனை?" என்று கேட்டார். பிறகு, "எல்லாமேவா?"

நானும் போய்ப் பார்த்தேன். பச்சைப் பூசணம். ஒவ்வொரு கட்டியிலும் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை. அதைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம். எட்டுத் தட்டிலும் அதே இடத்தில்.

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார். அடுத்தது. நான் கணக்கு வைக்கவில்லை. ஒன்றையாவது வெள்ளையாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் தேடினார் என்று நினைக்கிறேன்.

"சுட்டா சரியாகாதாப்பா?"

"பச்சை ஓடின இடம் மாவா உதிரும். அதோட தூளு புள்ளைக மூச்சுல போகும்."

மத்தியானம் வீட்டில் தோசை. என் அறையில் ஒட்டடை அடித்தேன். யாரும் சொல்லாமலே.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. பேருந்தில் யோகஸ்ரீ எனக்கு இடம் போட்டிருந்தாள். கோடை விடுமுறையில் அவளுக்குச் சடங்கு நடந்தபோது நான் போய், மாலையோடு உட்கார்ந்திருந்தவளின் காதில் கெட்ட ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்து, அவள் மாமாக்களிடம் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தலைவி.

"எங்கம்மா நேத்துலருந்து சாப்புடலக்கா" என்றாள். "கல்லு கெட்டுப்போச்சாம்ல?"

"ஆமா."

"யாரு கெடுத்தா?"

"கல்லு தானா கெட்டுப்போகும். வெயில்ல போட்ட தக்காளி மாதிரி."

அவள் சிரித்தாள். நான் எது சொன்னாலும் சிரிப்பாள்.

மாலையில் கிடங்கில் அப்பா பேச்சி அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை மணி நேரம் வெந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இடையில அடுப்பு அணைஞ்சுச்சா?"

"இல்ல சார். மூணு மணி நேரம் தளபுளன்னு கொதிச்சுச்சு சார்."

"ஆறவைக்கும்போது ஈ கீ உக்காந்துச்சா?"

"வேட்டி போட்டு மூடித்தான் வச்சேன் சார்."

நான் அச்சு கழுவினேன். ஏற்கெனவே கழுவிய அச்சு.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பா கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். நான் போனபோது கையில் ஒரு சின்ன கத்தி, ஒரு வெள்ளைத் தாள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பால் வாங்கிட்டு வா" என்றார். வாங்கிவந்தேன்.

அதன் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டிரம்மைப் பற்றியும் இல்லை, அடுப்பைப் பற்றியும் இல்லை. அப்பாடா.

அக்டோபர் 8, புதன்

பேச்சி அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. அம்மாவை வெளியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பூசை அன்னிக்கி நான் வீட்டுக்குத் தூரம்க்கா. மொத நாளு. அதான் வெளியவே உக்காந்திருந்தேன். அப்பறம் ஒரு அவசரத்துல தெரியாத்தனமா உள்ள போயிட்டேன். ரெண்டடி தான் வச்சேன். என்னோட தீட்டு பட்டுத்தான் அம்புட்டும் பச்சையாப் போச்சு. சாருகிட்ட நீங்க சொல்லிருங்கக்கா, எனக்கு வாய் வரல."

'ஒரு அவசரத்துல' என்றார். பாம்பு என்று சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

அம்மா "அப்படியெல்லாம் இல்ல பேச்சி" என்றார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பேச்சி அக்கா அந்தச் சும்மாவைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா ஓடிப்போய்த் தெருவில் பிடித்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "அது ரத்தம் பேச்சி! பூசணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் படிச்சவன் சொல்றேன்ல?"

"அப்பறம் எதால சார் கெட்டுச்சு?"

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது.

"என்னோட கையால உங்க பொழைப்பு கெட வேணாம் சார். நான் வாரேன்."

அக்டோபர் 9, வியாழன்

வேதியியல் தாள் வந்தது. 61. பூஜையில் பூசியது பூச...

அக்டோபர் 12, ஞாயிறு

மறுபடியும் ஆரம்பிக்கிறோம். அப்பாவும் நானும் மட்டும். முப்பத்தாறு நாள் இருக்கிறது, வளர பன்னிரண்டு, உலர ஐந்து, சுட நான்கு. முடியும் என்றார் அப்பா. சுவரிடம்தான் சொன்னார்.

தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை தேய்த்தோம். என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. வைக்கோல் எப்போது வெந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா வெப்பமானியைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு டிரம்மின் ஓரத்தில் காலியாகக் கிடக்கும் முக்காலியைப் பார்க்கிறார்.

அம்மா சோறு கொண்டுவந்தார். அப்பா பாதி சாப்பிட்டு மூடிவைத்தார்.

அக்டோபர் 15, புதன்

யோகஸ்ரீயின் அம்மா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறாராம். இருமல் வருகிறதாம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழை. வெடி நமுத்துப்போனது. ஒரு சங்குசக்கரம் அரைச் சுற்று சுற்றிவிட்டு யோசிக்கிற மாதிரி நின்றது. அப்பா கிடங்கில் இருந்தார். அம்மா அதிரசத்தை ஒரு டப்பாவில் போட்டு, "பேச்சி வீட்டுல குடுத்துட்டு வா" என்றார். வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரண்டாம் முறையும் பச்சை.

இந்தத் தடவை நடுவில் இல்லை. மூலையில், ஓரத்தில், அடியில், இஷ்டத்துக்கு. அப்பா சுவரில் கையால் தேய்த்து விரலைக் காட்டினார். மெல்லிய பச்சைத் தூள். "முதல் தடவை வந்தது போகவே இல்ல. ஓட்டுல இருக்கு, மரச்சட்டத்துல இருக்கு. இந்த அறையில இனி வெள்ளை வளராது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பச்சை என்றால் போகலாம் என்று அர்த்தம், சிக்னல் கிடைத்துவிட்டது அப்பா, என்று சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்துவிட்டு நகர்ந்தார்.

நவம்பர் 3, திங்கள்

தாளாளர் குடையை மடக்காமலே பேசினார்.

"கோவேந்தன், ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா பாருங்க, பெத்தவங்க கேக்குறாங்க. பூசணம் புடிக்கிற செவுத்துக்குள்ள புள்ளைய எப்படி உக்கார வைப்பீங்கன்னு. நான் என்ன சொல்ல?"

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு சார். வேற எடத்துல அறை பாத்து..."

"ரெண்டு வாரத்துல செங்கலே சரியாக் காயாது. விடுங்க. மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். வியாழக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறாங்க."

"கூரையாவது மாத்துங்க சார். ஓடாவது போடுங்க. தகரம் வேணாம். மத்தியானம் உள்ள நாப்பது டிகிரி தாண்டுது. நான் அளந்து வச்சிருக்கேன்."

"இந்த வருசம் தகரம் தான். அடுத்த வருசம் பாப்போம்."

கை கழுவாமல் உள்ளே வராதே என்று எழுதிய கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் எங்களைக் கைகழுவினார். எழுதிவிட்டேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, புதன்

அப்பா இருட்டறைத் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அப்பா, ஆயுத பூஜை அன்னிக்கு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பொட்டு. கத்தியால சுரண்டுனப்போ பச்சைக்கு அடியில சிவப்பு இருந்துச்சு. மொத மூணுல பாத்தேன். சரி, தற்செயலா இருக்கும்னு நினைச்சேன். அப்பறம் நாப்பது கட்டி சுரண்டுனேன். எல்லாத்துலயும் குங்குமம். உன் விரல் அளவு." போல்ட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "துணியால வேற துடைச்சிருக்க. அதான் ஒண்ணுகூட தப்பல."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

ஒரு மாதம் இருந்திருக்கிறார். நான் அந்த ஒரு மாதமும் பால் வாங்கினேன், அச்சு கழுவினேன், சிக்னல் ஜோக் சொன்னேன்.

"அப்போ பேச்சி அக்கா தெருவுல கேட்டப்போ? எதால கெட்டுச்சுன்னு?"

அப்பாவின் கை நின்றது. "ஊர் பூரா உன் பேரு போயிருக்கும் வெயினி. தாளாளர் காதுக்கும். நீ அங்க தான படிக்கணும்." போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்து, "நான் சொல்லிருக்கணும்" என்றார். அடுத்த போல்ட்டுக்கும் அதையே மறுபடியும் சொன்னார்.

திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளியில் வானம் தோண்டியாயிற்று. மணல் சுமக்கிற சித்தாட்களில் பேச்சி அக்காவும் இருந்தார். மருந்தடிக்கிற வேலை ஒத்துக்கொள்ளவில்லையாம். மதிய இடைவேளையில் போனேன். சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. சாப்புட்டியா? எளைச்சுப் போயிட்டியே."

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். கிண்ணத்திலிருந்த சந்தனம், கழுவாத விரல், துணி, எல்லாம். பச்சை வந்த இடம் பொட்டு வைத்த இடம்தான் என்பது. அப்பா சுரண்டிப் பார்த்தது. உங்களை உள்ளே இழுத்ததே நான்தான் என்பது.

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். ஆயுத பூஜை அன்று வராத சிரிப்பு.

"பொட்டு வச்சா கெட்டுப்போகும்ங்குறியே, ஒனக்கே சிரிப்பு வரல?"

"நெசமாக்கா. என் கையில இருந்த அழுக்குக்கா."

"நீ வச்சது சாமி குங்குமம் பாப்பா. அது காவலு. அம்புட்டுக் காவலு இருந்தும் கெட்டுச்சுன்னா, அப்ப என்னோட தீட்டு எம்புட்டு இருந்திருக்கும்னு பாத்துக்க."

"இல்லக்கா. பாம்புன்னு பொய் சொன்னது நான். இது பொய் இல்ல."

"தெரியும்டா தங்கம். அன்னிக்கு வெளையாட்டுக்குப் பொய் சொன்ன. இன்னிக்கு என்னோட மனசு ஆறட்டும்னு சொல்ற. ரெண்டும் ஒண்ணா?" என் கன்னத்தைத் தடவினார். கை சொரசொரவென்று சிமெண்டாக இருந்தது. "நீ நல்ல புள்ள. ஒன்னையக் கூடவே வச்சிருந்தேன்ல, எனக்குத் தெரியாதா?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாப் பொய்யையும் நம்பியிருக்கிறார்கள். தேங்காய்ப் பல்லை, பாம்பை, வயிற்று வலியை.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா பேச்சி அக்கா வீட்டுக்குப் போனார். குங்குமம் மடித்த தாளைக் கொண்டுபோனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டார்.

"'புள்ளைக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புனீங்களா சார், எனக்காக இம்புட்டு எதுக்கு'ன்னு அழுகுது." அப்பா தாளைப் பிரித்துப் பார்த்தார். "இந்தக் குங்குமத்தைக் கண்ணுல ஒத்திக்கிச்சு."

நவம்பர் 13, வியாழன்

டிரம்மை ஒரு சமையல்காரர் எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குச் சாம்பார் வைப்பாராம். சூளைக்கு ஆள் வரவில்லை. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, தகரக் கொட்டகை வரைந்து கொடுக்கிற இடம். திங்கட்கிழமை போகிறார். கரையான் புற்று வரைபடத்தை அலமாரிக்கு மேல் வைத்தார். பிறகு எடுத்து, சட்டைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு எடுத்து மறுபடியும் அலமாரிக்கு மேல்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. அப்பா போய்விட்டார். ஹாலோ பிளாக் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

யோகஸ்ரீ பேருந்தில் இல்லை. சித்தாட்களில் பேச்சி அக்கா இருந்தார். "புள்ளைக்குக் கொஞ்சம் ஒடம்பு முடியல" என்றார்.

நவம்பர் 19, புதன்

இல்லை.

நவம்பர் 20, வியாழன்

இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் பின்னல் போட்டிருந்தாள். முதுகில் சட்டை நனைந்திருந்தது. பேச்சி அக்கா இன்று வேலைக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"காய்ச்சலா?"

"இல்லக்கா, அது." சுற்றிப் பார்த்துவிட்டுக் காதருகில் வந்தாள். "இனிமே அந்த மூணு நாளும் ஸ்கூலுக்குப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. அங்கயும் புதுக் கட்டடம் எழும்புதுல்ல, நான் போயி அதுக்கும் ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அம்மாவும் வேலைக்கு வராதாம், அதுக்கு அந்த நாளு வந்தா. இன்னிக்கு அதான்."

"உனக்கு வகுப்பு போகுதே."

"முன்னெல்லாம் அனுப்புச்சு. இப்பத் தான் அதுக்குப் பயம் வந்துருச்சு." ஜன்னல் கம்பியில் பின்னலைப் பிழிந்தாள். "ஏதாவது ஜோக் சொல்லுக்கா. மூணு நாளா ஒரே ரூமு. போரு."

யோசித்தேன். திராட்சைத் தோட்டம், வாய்க்கால் பாலம், பெட்ரோல் பங்க் எல்லாம் போயின. பள்ளி வந்துவிட்டது.

"சரி விடு" என்றாள். "இனி அடுத்த மாசம் பதினாறாந்தேதி வாக்குல தான். அது வரைக்கும் டெய்லி வருவேன்."

அறிவிப்புப் பலகையில் அரையாண்டுத் தேர்வு அட்டவணை ஒட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரிசையில் விரல் வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 16, கணக்கு.

டிசம்பர் 17, அறிவியல்.